கிளாரம்மாளுக்கு ஒரு கூடை முட்டை

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் அப்பா, சம்பந்தி பல்தசார், க்வின்டீனோவின் கடைக்கு வந்தார். கம்பளி அடுக்கின் மேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். கம்பளி வியாபாரி க்வின்டீனோ சந்தை சந்தையாக ஏறி இறங்கிய ஆள். கடைக்கு வந்தவன் பேசாமல் உட்கார்ந்தால், பெரிதாக எதையோ குறைக்கச் சொல்லப்போகிறான் என்று அவருக்குத் தெரியும்.

"காபி சொல்லட்டுமா சம்பந்தி?"

"வேணாம். கன்னியர் மடத்துக்கு முட்டை கொண்டுபோகப் போறீங்களாமே."

"பின்னே? கல்யாணத்தன்னைக்கு மழை வராம இருக்கப் புனித கிளாரம்மாளுக்கு முட்டை குடுக்காம இந்த ஊர்ல எந்தக் கல்யாணம் நடந்திருக்கு? உங்க கல்யாணத்துக்கு உங்க மாமனார் கூடையில பாதி வாத்து முட்டைன்னு கேள்வி. அதான் அன்னைக்குத் தூறிடுச்சு."

பல்தசார் சிரிக்கவில்லை. "இந்த ஒரு தடவை குடுக்காதீங்க."

"வெயில் வேணாங்கறீங்களா?"

"மழை வேணுங்கறேன். ஆலிவ் காயெல்லாம் மிளகாட்டம் சுருங்கி உதிருது. மாசக் கடைசியில வர்ற மிக்கேல் சம்மனசு திருநாளுக்குள்ள ஒரு மழை விழுந்தா தோப்பு பொழைக்கும். இல்லேன்னா அதைக் குத்தகைக்கு விட்டுட்டு லக்சம்பர்க் போறேங்கறான் என் பையன். அவன் சித்தப்பா அங்க சுவர் பூசறார். உங்க பொண்ணும் கூடத்தான் போவா." பல்தசார் நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லலை" என்றார் க்வின்டீனோ. கையிலிருந்த கம்பளியை மடித்தார். மடித்ததைப் பிரித்தார்.

"கடல் பக்கம் மேகம் கிளம்பியிருக்காம். சனிக்கிழமை, கல்யாணத்தன்னைக்கே வரும்னு ரேடியோவுல சொல்றான். அதைத் தடுத்துத் தொலைச்சிடாதீங்க."

க்வின்டீனோவுக்கு முட்டையில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், தராசுக் கல்லில் இருக்கும் அளவுக்கு உண்டு. கல் சரியான எடையா என்று யார் நிறுத்துப் பார்த்தார்கள்? ஆனால் அதை வைத்துத்தான் ஊரே வியாபாரம் செய்கிறது.

அன்று சாயங்காலம் மகள் லியோனில்டா ஜன்னலோரம் கல்யாண உடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். க்வின்டீனோ மெதுவாக ஆரம்பித்தார்.

"விருந்து அந்த இடிஞ்ச அரண்மனை மண்டபத்துலதான்னு வச்சாச்சு. சரி. ஆனா அதுக்குக் கூரை இல்ல. மேல ஒரு துணிப்பந்தல் போட்டுட்டா..."

"அதுக்கு நம்ம கடையிலேயே கல்யாணம் பண்ணிக்கலாம்ப்பா."

"லக்சம்பர்க்ல ரொம்பக் குளிராமே."

ஊசி நின்றது. பிறகு மறுபடி நடந்தது. "கம்பளிக்காரர் பொண்ணுக்குக் குளிர் என்ன பண்ணும்?"

"போக ஆசையா?"

"ஆசையா இருந்தா முதல்ல உங்ககிட்டதானே சொல்லியிருப்பேன்." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள், அந்த மண்டபத்துல, வானத்துக்குக் கீழே. வேற எதுவும் கேக்கலை. முட்டை நல்லதா பாத்து வாங்குங்க."

மறுநாள் மத்தியானம், ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், க்வின்டீனோ முட்டைக் கூடையோடு மடம் இருக்கும் குன்று ஏறினார். என்ன செய்யப்போகிறோம் என்று அவர் முடிவு செய்திருக்கவில்லை. போகிற வழியில் முடிவாகிவிடும் என்று நினைத்தார். ஆனால் மோன்சிரால் குன்றின் மேல் அந்த நேரத்தில் எதுவும் முடிவாவதில்லை. கீழே காய்ந்த சமவெளி கானலில் அசைந்தது. மேலே கோட்டைச் சுவர் தரையில் கால் ஊன்றாமல் மிதப்பது போல நின்றது. கோபுரங்களில் நாரைகள் விட்டுப்போன கூடுகள், யாரோ மறந்து வைத்த தொப்பிகள் போல. அரண்மனையின் ஜன்னல்கள் வழியாக உள்ளே பார்த்தாலும் வானம், வெளியே பார்த்தாலும் வானம். ராஜா வேட்டைக்கு வந்தபோது தங்கிய இடம். கூரை என்றைக்கோ விழுந்து, ராஜாவும் போய், இப்போது குருவிகள் தங்குகின்றன. சுண்ணாம்புச் சுவர்களின் வெளிச்சம் கண்ணுக்குள் இறங்கி, நடக்கிறோமா, வீட்டில் படுத்துக்கொண்டு நடப்பதாகக் கனவு காண்கிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

அந்த மயக்கத்தில்தான் தப்பு நடந்தது. மடத்து வாசலில் சுவருக்குள் பீப்பாய் போல ஒரு மரச் சுழல்பெட்டி. கன்னியர்கள் வெளியாரைப் பார்ப்பதில்லை. கொடுப்பதும் வாங்குவதும் அதன் வழியாகத்தான். நிழலைக் கண்ட சுகத்தில், கை கனத்த மனிதன் பாரத்தை இறக்குவது போல, அவர் கூடையை அதில் வைத்தார். வைத்ததும் பெட்டி சுழன்றது. கூடை உள்ளே போய்விட்டது.

"கல்யாணம் என்னைக்கு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். தூக்கம் கலையாத குரல். வயது சொல்ல முடியாது.

"நாளைக்கு. இல்ல சிஸ்டர், கொஞ்சம் நில்லுங்க. அந்தக் கூடையைத் திருப்பிக் குடுங்க."

"கம்பளிக்காரரா? குரலே சொல்லுதே. போன குளிருக்கு நீங்க குடுத்த போர்வை ஒரு தண்ணிக்கே சுருங்கிக் கைக்குட்டை ஆயிடுச்சு."

"வேற தரேன். அருமையான போர்வை. கூடையைத் திருப்புங்க."

"எப்படித் திருப்பறது? சிஸ்டருங்க மஞ்சக்கரு பிரிக்க ஆரம்பிச்சாச்சு." உள்ளே ஓடுகள் உடையும் சத்தம், மெதுவாக, மழைத்துளி விழுவது போலவே கேட்டது. "இங்க வேலைன்னா எல்லாருக்கும் கை துடிக்கும்."

"எனக்கு வேண்டியது மழை."

"முட்டைக்கு நாங்க கேக்கறது வெயில்தான். காலங்காலமா அப்படித்தான்."

க்வின்டீனோ சுவரில் நெற்றியை வைத்தார். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"சரி, வெயிலே இருக்கட்டும். கேக் வெட்டற வரைக்கும். அதுக்கப்புறம் மழை. ரெண்டு வீட்டுக்கும் நஷ்டமில்ல."

"இது என்ன, சந்தையா?"

"சந்தையில முகம் பாத்துப் பேசுவாங்க சிஸ்டர். இதை விட அது சுலபம்."

உள்ளே யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிறகு அந்தக் குரல், நன்றாக விழித்துக்கொண்டு, "ரெண்டும் சேந்து கிடைக்கலேன்னா எது போனா உங்களால தாங்க முடியும்? அதைச் சொல்லுங்க" என்றது.

ஒரு பல்லி சுவரில் நகர்ந்து நின்றது.

"ஒரு நாள் என் பொண்ணு முகம் வாடறதைத் தாங்குவேன்" என்றார்.

"கேட்டுப் பாக்கறேன். வாக்கு ஒண்ணும் குடுக்கலை. போர்வையை மறந்துடாதீங்க."

சனிக்கிழமை வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. கோவிலில் மோதிரம் மாற்றினார்கள். மணப்பெண்ணும் மாப்பிள்ளை செஃபெரினோவும் முன்னால் நடக்க, ஊரே குன்று ஏறி, கூரையில்லாத மண்டபத்தில் நீள மேசைகளில் உட்கார்ந்தது. மடத்திலிருந்து அந்த முட்டைகளின் மஞ்சக்கருவில் செய்த இனிப்பு, ஒரு வெள்ளைத் துணிக்குக் கீழே வந்திருந்தது. பல்தசார் மேகத்தைத் தேடித்தேடி, கடைசியில் தன் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பார்க்க ஆரம்பித்தார். க்வின்டீனோ யாரையும் பார்க்கவில்லை. மகள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதுவே அவருக்குப் பாரமாக இருந்தது.

சூப் பரிமாறினார்கள். அக்கார்டியன்காரன் தன் பெட்டியை இழுத்து வாசித்துப் பார்த்தான். ஒரு நிழல் மேசை மேல் மெதுவாக நகர்ந்து வந்தது, யாரோ ஒரு பெரிய கம்பளியை விரிப்பது போல. க்வின்டீனோவின் சூப்பில் ஒரு துளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

கேக் வரைக்கும் என்றல்லவா பேச்சு? சூப்பிலேயே வந்துவிட்டது. கேட்ட விலைக்கு யார் கொடுக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விருந்தாளிகள் தட்டோடு வளைவுகளுக்குக் கீழே ஓடினார்கள். பல்தசார் மட்டும் நடுமண்டபத்தில் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றார். லியோனில்டா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செஃபெரினோ கோட்டைக் கழற்றி அவள் தலைக்கு மேல் பிடித்தான். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

மழை சுவர்களில் வழிந்தது. வெயிலில் வெளுத்து, வெறும் சாம்பலாகக் கிடந்த, சுவரில் பதித்த சித்திர ஓடுகளில் நீலம் எழும்பியது. முதலில் ஒரு நாயின் காது, அப்புறம் குதிரையின் கால், கொம்பு ஊதுகிறவனின் கன்னம். ராஜாவின் வேட்டை முழுக்க நனைந்து, பளபளத்து, சுவரைச் சுற்றி மறுபடி ஓட ஆரம்பித்தது. லியோனில்டா திரும்பித் திரும்பி அதைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து வெயில் நாட்களில் அந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறாள். இந்த நாய்களை அவள் பார்த்ததே இல்லை.

பிறகு அப்பாவைப் பார்த்தாள். உடை உடம்போடு ஒட்டியிருந்தது. பூக்கள் சரிந்து காதில் தொங்கின.

"முட்டை குடுத்தீங்களாப்பா?"

"குடுத்தேன்."

"நல்ல முட்டைதானா?"

"ஒண்ணு ரெண்டு பழசா இருந்திருக்கும்."

அவள் பல்தசாரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். முட்டை வாங்குவதில் ஏமாறும் ஆள் இல்லை அவர் என்று அவளுக்குத் தெரியாதா?

"லக்சம்பர்க்ல இப்படி மழை பெய்யுமாப்பா?"

"இதைவிட ஜாஸ்தி பெய்யுமாம்" என்றார் அவர். "ஆனா அங்க எல்லா வீட்டுக்கும் கூரை இருக்காம்."

"அப்ப அந்த ஊர் நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அவள் தண்ணீர் கலந்து ததும்பிய தன் சூப்பை எடுத்துக் குடித்தாள்.