பன்னிரண்டாம் நிமிடத்தில் ராணி

படகுக்காரி முகத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் அரங்கமே அலறியது. பின்வரிசையில் யாரோ மடியிலிருந்த சோளப்பொரியை மொத்தமாகக் கொட்டினார்கள். வர்ணனைக்காரி திரையைப் பார்க்கவில்லை. அந்தக் காட்சியை அவள் வேலைக்காக நாற்பது தடவை பார்த்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து இருக்கையிலிருந்த நாத்தனாரின் முகத்தை. அந்த முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

நாத்தனார் ஒரு காதிலிருந்த ஒலிப்பானைக் கழற்றினாள்.

"அண்ணி, எதுக்கு எல்லாரும் இப்படிக் கத்துறாங்க?"

"அவ ராணிடி. ஆத்துல மூழ்கிப் போனதா சொன்னாங்களே, அந்த ராணி."

"அதான் தெரியுமே. படம் ஆரம்பிச்சதுமே சொல்லிட்டாங்களே."

வர்ணனைக்காரி அப்படி எழுதவே இல்லை.

நாத்தனாருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கும் வேலை. வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அண்ணிக்கு இந்த வேலை வந்ததே ரேடியோவால்தான். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, "இப்ப என்ன, இப்ப என்ன" என்று கேட்டுக் கேட்டு அண்ணியைப் பழக்கிவிட்டாள். இப்போது அண்ணி படங்களுக்கு வர்ணனை எழுதிப் பிழைக்கிறாள்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது ரசமான சங்கதி. ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்கும் முன் மூன்று நொடி கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஆறு நொடி. திரையில் நடப்பதை அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். 'துடுப்பை எடுக்கிறாள்' என்பதற்கு ஒன்றரை நொடி ஆகும். 'தயங்கி' என்று முன்னால் சேர்த்தால் இரண்டைத் தாண்டிவிடும். எழுதியதை ஒரு குரல் கலைஞர் வாசித்துப் பதிவு செய்வார். பார்வையற்றவர்கள் அதைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு அரங்குக்கு வருவார்கள். ஒரு பாட்டை நடுவிலிருந்து கேட்டாலும் அடுத்த வரி நம் வாயில் வருகிறதல்லவா, அதே மாதிரி கைபேசியும் அரங்கின் ஒலியைக் கேட்டுப் படம் எந்த இடத்தில் ஓடுகிறது என்று பிடித்துக்கொள்ளும். வர்ணனை சரியாக அங்கிருந்து காதில் ஓடும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் கேட்காது.

இந்தத் தொழிலில் அடிக்கடி மோதிக்கொள்ளும் இரண்டு விதிகள் உண்டு. ஒருவரைக் கடைசிவரை ஒரே பெயரால்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவர் குழம்புவார். படம் மறைத்து வைத்திருப்பதை வர்ணனை முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. இரண்டும் மோதினால் இரண்டாவதுதான் ஜெயிக்க வேண்டும். அதனால் அவள் தொண்ணூற்றெட்டாவது நிமிடம் வரைக்கும் 'படகுக்காரி' என்றே எழுதியிருந்தாள். 'துணியை அவிழ்க்கிறாள். ராணி.' அதற்குப் பிறகு பதினோரு நொடியை வெறுமையாக விட்டிருந்தாள். அரங்கம் அலறுவதை ரேடியோவும் கேட்டு, தானும் சேர்ந்து அலறட்டும் என்று.

அந்தப் பதினோரு நொடிக்காக ரேடியோ இரண்டு வருடம் காத்திருந்தாள். படம் ஏழு பாகமுள்ள ஒரு தேவதைக் கதையிலிருந்து எடுத்தது. ஆறு பாகத்தை அண்ணி அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். ஏழாவதை எடுத்தபோது ரேடியோ தடுத்துவிட்டாள். படம் வரட்டும், ஒரு தடவையாவது எல்லோருக்கும் தெரியும்போதே தனக்கும் தெரியட்டும் என்றாள். அலுவலகத்தில் யாராவது புத்தகத்தைப் பற்றி வாயெடுத்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடிவிடுவாள்.

அரங்கை விட்டு வெளியே வரும் படிக்கட்டிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முன்னால் இறங்கியவர்கள் எல்லோரும் படகுக்காரியைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். ரேடியோவின் விரல்கள் அண்ணியின் முழங்கையை இறுக்கின.

"அந்த இளவரசிப் பொண்ணு ஏழு தடவை படகுல ஏறினா. பெத்த அம்மாவத் தெரியலையே, இவ்வளவு மக்கா இருக்காளேன்னு படம் முழுக்க அவளத் திட்டிக்கிட்டே இருந்தேன் அண்ணி. கடைசியில பாத்தா மக்கு நான்தான்."

பிறகு சத்தம் குறைந்த குரலில் சொன்னாள். "சிரிப்பு வந்தா, எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம்தான் யாராவது எனக்குச் சொல்லுவாங்க. எனக்கு எப்பவும் லேட்டு. இன்னைக்கு என்னடான்னா எல்லாருக்கும் முன்னாடி. நடுவுல வரவே வராதா?"

வீட்டுக்கு வந்ததும் வர்ணனைக்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் பதிவைப் போட்டுக் கேட்டாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் குரல் கலைஞர் அழகாக, நிதானமாக வாசித்தார். "ராணி துடுப்பை எடுக்கிறாள்." அவளுக்கு மண்டையில் சுர்ரென்று ஏறியது. மொத்தம் இருபத்து மூன்று இடங்களில் படகுக்காரி ராணியாகியிருந்தாள்.

பதிவுக்கூட மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை 'துல்லியம் முக்கியம்' என்பார் என்பதால் எல்லோரும் அவரைத் துல்லியம் என்றே அழைப்பார்கள். அவர் பதறவில்லை. ஆளுக்கு ஒரே பெயர் என்பது விதிதானே, கேட்கிறவர்கள் பாவம் குழம்பிப் போவார்களே என்று தானே மாற்றியதாகச் சொன்னார். அந்த 'பாவ'த்தைக் கேட்டதும் அவள் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"உங்க பட்டியலப் பாத்துத்தாம்மா மாத்தினேன். முதல் பக்கத்துல நீங்கதானே எழுதியிருக்கீங்க, படகுக்காரின்னா ராணின்னு."

உண்மைதான். குரலில் ஒரு மிடுக்கு வரட்டும் என்று குரல் கலைஞருக்காக எழுதிய குறிப்பு அது. 'படகுக்காரி = ராணி.' ரகசியம் என்று ஒரு வார்த்தை அவள் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அரை நொடிகூட ஆகியிருக்காது.

திருத்தித் தர முடியுமா என்று கேட்டாள். அரை நாள் வேலைதான், ஆனால் தயாரிப்பாளர் அலுவலகம் அனுமதி தர வேண்டும், அங்கே எல்லோரும் குதிரையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் துல்லியம். புத்தகத்தில் இளவரசியின் குதிரை கறுப்பு, படத்தில் வெள்ளை. வாசகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஒருவர் ஏழு பாகத்தையும் தெருவில் போட்டு மிதித்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நாலாயிரம் புகார் வந்திருந்தது. அவற்றைப் படிக்க மட்டும் ஆறு பேர்.

வர்ணனைக்காரி ரேடியோவிடம் துல்லியம் செய்ததைச் சொன்னாள், குதிரையைச் சொன்னாள். பட்டியலை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

ரேடியோ பதினைந்து வருடமாகப் புகார் வாங்குகிறவள். எந்தப் புகார் எந்த மேசைக்குப் போகும், எது குப்பைக்குப் போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தயாரிப்பாளரின் புகார்ப் படிவத்தில் குதிரைக்கே தனிப் பிரிவு இருந்தது, வர்ணனைக்கென்று ஒன்றும் கிடையாது. 'மற்றவை' என்று போட்டால் எவனும் திறக்க மாட்டான் என்றாள். அதனால் 'குதிரை' என்பதிலேயே போட முடிவு செய்தாள். பார்வையற்றோர் பள்ளிக்கூடத் தோழிகள் பதினோரு பேரையும், அவர்கள் வழியாக இன்னும் அறுபது பேரையும் பிடித்தாள். ராணி யார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சமையலறை மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு வாசகத்தைச் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொண்டது.

"ஐயா, குதிரை கறுப்பா வெள்ளையான்னு எனக்குத் தெரியாது, எனக்குப் பார்வை கிடையாது. ஆனா ராணி யாருன்னு பன்னிரண்டாவது நிமிஷத்துலயே தெரிஞ்சுபோச்சு, நான் கேக்காமலே." அங்கே நிறுத்தி அண்ணி பக்கம் திரும்பினாள். "இதச் செஞ்சது யாருன்னு பேரோட போடணும். பேர் இல்லாத புகார் நகராது. அந்தத் துல்லியத்தோட முழுப் பேர் என்ன அண்ணி?"

வர்ணனைக்காரி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்தாள். அந்தப் பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த மனிதர் வேலை இழப்பார். நாத்தனாருக்கு அண்ணி அண்ணியாகவே இருப்பாள்.

"அவர் மேல மட்டும் போடாத. பட்டியல்ல ராணின்னு எழுதி வச்சது நான். அதப் பாத்துத்தான் அவர் மாத்தினாரு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியோ கைபேசியை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

"தப்பு செஞ்சவங்க ரெண்டு பேரு," என்று தொடங்கி, முதலில் அண்ணியின் பெயரை முழுசாகச் சொன்னாள். இரண்டாவது பெயருக்காகக் கைபேசியை அண்ணி பக்கம் நீட்டிக் காத்திருந்தாள். அண்ணி அதையும் சொன்னாள்.

அதன்பிறகு ரேடியோ அணைந்துவிட்டது. காலையில் காப்பி கேட்பதைக்கூட அண்ணன் வழியாகக் கேட்டாள். என்ன சண்டை என்று அவன் இருவரிடமும் கேட்டான். இருவரும் குதிரை என்றார்கள்.

குதிரைப் பிரிவில் பார்வையில்லாத எழுபத்திரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்றதும் தயாரிப்பாளர் அலுவலகம் அரண்டுபோனது. மூன்றாம் நாள் காலை அனுமதி வந்துவிட்டது. வர்ணனைக்காரியையும் துல்லியத்தையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு மணி நேரம் காய்ச்சி எடுத்தார்கள். துல்லியம் தலையைக் குனிந்தே இருந்தார். குரல் கலைஞர் வந்து இருபத்து மூன்று இடங்களையும் திருத்தி வாசித்தார். ஒவ்வொன்றையும் வர்ணனைக்காரி பக்கத்தில் நின்று, விரலை வைத்துச் சரிபார்த்தாள். குதிரை வெள்ளையாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியக் காட்சிக்குப் பதினோரு தோழிகளும் வந்தார்கள். ரேடியோவும் வந்தாள். காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. ஆறு நாள் பேசாத அண்ணிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், வேறு இருக்கை இல்லை.

தொண்ணூற்றெட்டாவது நிமிடம் வந்தது. அரங்கம் அலறியது. தோழிகளின் வரிசையும் அதே நொடியில் அலறியது. ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். ரேடியோவுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அவள் மணிக்கட்டில் நகம் பதியப் பிடித்து உலுக்கினாள். "ஏய், படகுக்காரிதான்டி அம்மா! அவதான்டி அம்மா!"

"ஆமா," என்றாள் ரேடியோ. கையை விடுவித்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் அண்ணி பக்கம் திருப்பினாள்.

"இது எனக்குக் கெடச்சிருக்கணும் அண்ணி."

திரையில் யாரும் பேசவில்லை. பதினோரு நொடி இருந்தது. எதை எத்தனை நொடியில் சொல்லலாம் என்று தெரிந்த அந்த அண்ணிக்கு அதில் வைக்க ஒரு சொல் கிடைக்கவில்லை.