அண்ணன் கை நீட்டாத சீசன்

இந்த சீசனில் என் அண்ணன் கிறிஸ்தோப்பர் மைதானத்தில் ஒருவரையும் அடிக்கவில்லை. முல்லைத்தீவு முழுக்க அதுதான் கதை. "பெடியன் திருந்திட்டான்" என்று மாதா கோயிலடியில் பாதர்கூடச் சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் திருந்தவில்லை, பயந்தான். போன சீசன் கடைசி ஆட்டத்தில் வவுனியாப் பெடியன் ஒருவனின் தாடையை உடைத்துவிட்டான். லீக் கமிட்டி எங்கள் கழகத்தைக் கூப்பிட்டுக் கடைசி எச்சரிக்கை கொடுத்தது. இந்தக் கழகத்து ஆள் யாராவது இனி மைதானத்துக்குள் கை நீட்டினால் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் வெளியே. அடித்தவருக்கு ஆயுள் தடை. எங்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கனடாவில் இருக்கும் ஒருவர் பணம் தருகிறார். கடலுக்குப் போகாமல், முதுகில் பேர் எழுதிய சட்டையோடு ஊருக்குள் திரிகிற வாழ்வு அண்ணனுக்கு அதால்தான் கிடைத்தது. அதனால் அவன் மைதானத்தில் அடங்கி நின்றான். தன்னை இடித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்டான். பிறகு வீட்டுக்கு வந்து என்னை அடித்தான்.

நானும் கூடைப்பந்து விளையாடுகிறவள் என்பது அவனுக்கு வசதியாகப் போயிற்று. விளையாட்டுக்காரியின் தோள் கன்றிப்போயிருந்தால் யார் கேள்வி கேட்பார்கள்? "பந்து பட்டதெண்டு சொல்லு பிள்ளை. ஒரேயொரு ஆம்பிளைப் பிள்ளையெல்லே," என்பார் அம்மா. எங்கள் பயிற்றுநர் சிவனேஸ்வரி ரீச்சரோ என் காயங்களைக் காட்டி மற்றவர்களை ஏசுவார்: "கிறேஸைப் பாருங்கோ. உப்பிடி விழுந்தெழும்பி விளையாடவேணும்."

நான் வாய் திறக்காததற்குக் காரணம் கப். மூன்று வருடமாக இறுதியாட்டத்துக்கு வந்து கிளிநொச்சியிடம் தோற்றுக்கொண்டிருந்தோம். நான் கப்டன். அந்தக் கப்பில் வைத்த ஆசையை நான் வேறெதிலும் வைத்ததில்லை. அண்ணனைப் பற்றி வெளியே சொன்னால் கழகம் இரண்டாகும், கப் கை நழுவும். சீசன் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இறுதியாட்டத்துக்கு முதல் நாள் ஆண்கள் அணி அரையிறுதியில் தோற்றது. மறுநாள் காலை நான் சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணன் தேத்தண்ணி கேட்டான்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணா, இதை முடிச்சிட்டு வாறன்."

"ஃபைனலுக்கு வந்த உடனை நீ பெரிய ஆளோ?"

கேட்ட வாயை மூடுமுன் என் தலைமயிரைப் பிடித்து அலுமாரி விளிம்பில் மோதினான். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். புருவம் கிழிந்து கண்ணுக்குள் இரத்தம் போனது. அம்மா அழுதுகொண்டே பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். ரீச்சரிடம் அலுமாரி அடித்துவிட்டது என்று சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை.

வவுனியாவில் ஆட்டம். வெயில் சாயும்வரை மாறி மாறி இடித்தோம். முழங்காலெல்லாம் சீமெந்தில் உரசித் தோல் போனது. கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். அப்போது கிளிநொச்சியின் சுதாஜினி பந்தோடு என்னைக் கடந்து ஓடினாள். நல்ல ஆட்டக்காரி அவள், பாதிப் புள்ளி அவள் போட்டதுதான். அவள் தோள் என் முகத்தில் இலேசாக உரசியது, அவ்வளவுதான். வியர்வையில் ஊறிப்போயிருந்த பிளாஸ்டர் கழன்று விழுந்தது. காலையில் கிழிந்த புருவம் திறந்து கழுத்துவரை இரத்தம் ஓடியது.

"முழங்கையால குத்திப்போட்டாள்!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். தண்ணிப் போத்தல்கள் பறந்து வந்தன. பிளாஸ்டிக் கதிரை ஒன்று சுதாஜினியின் காலடியில் விழுந்து நொறுங்கியது. அவள் தலையைப் பொத்திக்கொண்டு கூடைக்குக் கீழே குந்திவிட்டாள். முதல் ஆளாக உள்ளே பாய்ந்தவன் என் அண்ணன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே குனிந்து கத்தினான்:

"என்ர தங்கச்சியை அடிக்க உனக்கென்னடி துணிச்சல்?"

நடுவர் பரமலிங்கம் சனத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். "பிள்ளை, அவ வேணுமெண்டு குத்தினவாவோ? ஓமெண்டால் ஆளை வெளியில போடுறன்."

ரீச்சர் என் காதுக்குள், "ஓமெண்டு சொல்லு கிறேஸ். கப் எங்களுக்குத்தான்," என்றார். உண்மைதான். சுதாஜினி போனால் கிளிநொச்சியில் மிச்சம் ஒன்றுமில்லை. ஓம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். தங்கச்சியாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இல்லை சேர். அவ குத்தேல்லை. அண்ணை காலமை வீட்டில அடிச்ச காயம்."

பரமலிங்கம் என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "வீட்டில நடந்ததுக்கு நான் விசில் ஊதேலாது பிள்ளை. கட்டுப் போட்டிட்டு வாரும், ஆட்டம் தொடங்குவம்," என்றார். பாவம், அவர் சொன்னதும் சரிதான்.

அண்ணன் என்னை உரசிக்கொண்டு வெளியே நடந்தான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "வீட்ட வா. இண்டைக்கு உன்னைக் கொல்லுறன்," என்றான்.

கப்பைத் தூக்கலாம். தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். நான் என் அணியை ஒரு தரம் பார்த்தேன். தெரிந்துதான் செய்தேன், யாரும் என்னைத் தூண்டவில்லை. ஓடிப்போய், மைதானக் கோட்டைத் தாண்டுமுன் அவனை மறித்து நின்றேன்.

"ஏன் வீட்ட? இஞ்ச அடி. சனம் பாத்தால் கை வராதோ? கதவைப் பூட்டினால்தான் நீ ஆம்பிளையோ?"

சனத்துக்குள் யாரோ சிரித்தார்கள். அண்ணனுக்கு அந்தச் சிரிப்புப் போதும். முதுகுக்குப் பின்னாலிருந்து கை வந்தது தெரியவில்லை. வாயில் இடி விழுந்தது. விழுந்த என்னை வயிற்றிலும் உதைத்தான். ஒரு பல் நாக்கில் கிடந்தது.

விசில் நீளமாகக் கேட்டது.

"ஐயா, அது அண்ணன் தங்கச்சிப் பிரச்சினை," என்றார் எங்கள் கழகத் தலைவர்.

"இது மைதானம். உங்கட கழகம் வெளியில," என்றார் பரமலிங்கம்.

எங்கள் பிரியந்தினி சப்பாத்தைக் கழற்றி என்மேல் எறிந்தாள். "எங்கட கப்பைத் திண்டிட்டியே, பாவி!" அவளும் மூன்று வருடம் ஓடியவள்.

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் இருவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். "என்ன இருந்தாலும் கூடப்பிறந்ததெல்லே," என்று பின்னால் ஒரு பெண் உச்சுக்கொட்டினார். எதிர்ப்பக்கம் சுதாஜினி கப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் அதற்காகத்தான் அழுதேன்.