சமோவார் ஓரத்துப் பெரணி

பக்கவாதம் வந்து ஃபரங்கீஸின் பேச்சு போனபோது, ஒரே ஒரு சொல் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. "ஆமாம்." தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமாம், வலிக்கிறதா என்றாலும் ஆமாம். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் அந்தப் பாழாய்ப்போன ஆமாம்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கும். தலையும் அதோடு கூட்டுச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். டாக்டர் இதைக் கணவர் ஈராஜிடம் விளக்கத்தான் செய்தார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எதையும் மறுத்தே பேசிய மனைவி ஆமாம் சொல்வது அந்த மனிதருக்குக் கேட்க இதமாக இருந்தது. நம்பிவிட்டார்.

உதவிக்கு அவர் தங்கை தூரான் வந்தாள். நல்லவள். அதுதான் சிக்கலே. வசந்தத்தில் வரும் ஈரானியப் புத்தாண்டுக்கு முன்பு டெஹ்ரானே வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவும் நேரம் அது. தூரான் கம்பளங்களை அலசினாள், திரைச்சீலைகளைத் துவைத்தாள், பிறகு சமையலறைக்குள் நுழைந்தாள். அங்கே தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் ஓரத்தில், நாள் முழுக்க ஆவி படும் இடத்தில், பெரணிச் செடி இருந்தது. இந்த ஊரின் வறண்ட காற்றிலும் ஹீட்டர் அனலிலும் அது பிழைக்காது என்று எல்லாரும் கைவிரித்தபோது, மழை ஓயாத ரஷ்த்தில் பிறந்த ஃபரங்கீஸ் அதற்கென்று கண்டுபிடித்த இடம் அது. பிள்ளை இல்லாத வீட்டில் அவள் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அதனோடுதான்.

"ஐயோ பாவம், இருட்டுல கிடக்கே! வெயில்ல வைக்கட்டுமா அண்ணி? என் வீட்டு ஜெரேனியம் வெயில்ல எப்படிப் பூக்குது தெரியுமா?"

கருகிவிடும், வேண்டாம். ஃபரங்கீஸ் இருந்த பலத்தையெல்லாம் திரட்டினாள்.

"ஆமாம்!"

"பார்த்தியாண்ணா, எவ்வளவு ஆசையா சொல்றாங்க!"

பெரணி பால்கனிக்குப் போனது. அண்ணி பார்த்து ரசிக்கட்டுமே என்று அவள் நாற்காலிக்கு நேராகவே வைத்தாள் புண்ணியவதி. குடித்து மிஞ்சிய தேயிலைச் சக்கையை எல்லாம் உரம் என்று தொட்டியில் கொட்டினாள். இலைகளின் அடியில் வரிசையாக இருந்த வித்துப் புள்ளிகளைப் பூச்சி என்று அலறி, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தாள். இலைகள் நுனியில் பழுத்து, மொறுமொறுவென்று காய்ந்தன. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஃபரங்கீஸ் அழுதாள்.

"நல்ல நாள் வருதுல்ல, அதான் மனசு இளகுது," என்று தூரான் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

புத்தாண்டுக் காலையில் தொட்டியை அண்ணியின் மடிக்கருகே கொண்டுவந்தாள். "காஞ்ச செடிய வச்சுக்கிட்டுப் புது வருஷத்தை வரவேற்கக் கூடாது. போட்டுடட்டுமா?"

அப்போதுதான் ஃபரங்கீஸ் பார்த்தாள். தேயிலைச் சக்கைக்கு நடுவே, பழுப்பு ரோமத்தோடு ஒரு குருத்து சுருண்டு எட்டிப் பார்த்தது. வேர் சாகவில்லை! காய்ந்ததை வெட்டிவிட்டு மறுபடி ஆவியில் வைத்தால் போதும். அசைகிற இடது கையால் தொட்டியின் விளிம்பை இறுகப் பிடித்தாள்.

"ஆமாம்! ஆமாம்! ஆமாம்!"

"சரி, சரி, கோவப்படாதீங்க. இதோ, இப்பவே போட்டுடறேன்." தூரான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விடுவித்தாள். "நீங்க ஏன் தூக்கறீங்க? நான் எதுக்கு இருக்கேன்?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. சமோவாரின் ஆவி காலி இடத்தில் வீணாகப் படிந்துகொண்டிருந்தது. தேநீர் ஊற்ற வந்த ஈராஜ் அதைப் பார்த்தார்.

"வெறிச்சுன்னு இருக்குல்ல? பிளாஸ்டிக்ல அச்சு அசலா பெரணி விக்கிறான், ஃபரங்கீஸ். வாடவே வாடாது. வாங்கிட்டு வரட்டுமா?"

ஃபரங்கீஸ் உதடுகளை இறுக மூடினாள். பல்லைக் கடித்தாள். கழுத்தை விறைத்துத் தலையை அசையாமல் நிறுத்தினாள். மறுக்க அவளுக்கு மிஞ்சியிருந்த வழி அது ஒன்றுதான்.

"வாங்கட்டுமா? சொல்லு. ஏன் பேச மாட்டேங்கற?" ஈராஜின் முகம் வெளுத்தது. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினார்.

"தூரான்! சீக்கிரம் வா! இவளுக்கு மறுபடியும் பேச்சு போயிடுச்சு!"