காப்புக் கயிறு

2003. ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை, பெங்களூர் பீன்யாவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் வாசலில் முனிராஜ் நின்றிருந்தார். நேற்று உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு தரையில் காய்ந்து கிடந்தது. சட்டைப் பையில் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. வருஷா வருஷம் இந்த நேரத்தில் அது கையில் இருக்கும். இன்று கை பைக்குள்ளேயே கிடந்தது, வெளியே வர மாட்டேன் என்றது.

பூஜையன்று எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்புக் காப்புக் கயிறு கட்டுவார்கள். முடிச்சுக்குக் கீழே நுனி தாராளமாகத் தொங்கும். தானாக அற்று விழும்வரை கழற்றக் கூடாது என்பது வழக்கம். சுழலுகிற மெஷினுக்கு அந்த வழக்கம் தெரியாது என்பது முனிராஜின் கட்சி. தொங்குகிற நூலைப் பிடித்த மெஷின் நூலோடு நிற்காது, கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதனால் மறுநாள் காலை மெஷின் ஓடுவதற்கு முன் வாசலிலேயே எல்லாக் கயிற்றையும் அறுத்து, ஒரு தட்டில் சேர்த்து சாமி படத்தின் கீழ் வைத்துவிடுவார்.

பகலில் அவர் மரப்பிரிவுக்கு மேஸ்திரி. சாயங்காலம் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவுக்கு வயலின். சிவாஜிநகரில் அப்பாவின் பட்டறையில் உளி பிடித்த வயதிலேயே வில்லையும் பிடித்துவிட்டார். விரல்களைப் பற்றிய பயமும் அன்றே கூட வந்து ஒட்டிக்கொண்டது. மூடி போடாமல் ரம்பத்தை ஓட்ட விடமாட்டார். மோதிரம், முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு எதுவும் ஆகாது. மெஷின் சத்தத்தைச் சுருதி பார்ப்பதுபோலக் கேட்பார். கொஞ்சம் இறங்கினால் பிளேடு மழுங்கிவிட்டது, நிறுத்து என்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பயந்தாங்கொள்ளி மேஸ்திரி என்று பெயர். பத்து விரலும் இருக்கிறவன் கிண்டல் பண்ணினால் பண்ணட்டும் என்று விட்டுவிடுவார்.

கயிறு விஷயத்தில் மட்டும் ஒரு முள் உண்டு. அவர் புத்த விகாரைக்குப் போகிறவர். நம்ம சாமி என்றால் மேஸ்திரிக்கு இளக்காரம் என்ற முணுமுணுப்பு காதில் விழும். அதற்காகவே, விகாரையில் தனக்குக் கட்டிய வெள்ளை நூலை எல்லோர் முன்னாலும் முதலில் அறுத்துக்கொள்வார். அப்புறம் வாயைத் திறக்க ஆளிருக்காது.

போன வருஷம் வரிசையில் கோவிந்தராஜன் வந்தார். கடைசல் மெஷினில் நாற்காலிக் கால் கடைகிறவர். குழுவில் தபேலா. முனிராஜுக்கு ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகிதர். அவர் வலது மணிக்கட்டில் இரண்டு கயிறுகள் இருந்தன. பூஜைக் கயிற்றை அறுக்கக் கொடுத்துவிட்டு மற்றதை இடது கையால் மூடிக்கொண்டார்.

"இத மட்டும் விட்டுடு முனி. பாப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப அன்னம்மா வேண்டிக்கினு கட்னது. பாப்பா பொழச்சி வந்துடுச்சு. இத அறுத்துட்டுப் போய் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"மெஷினுக்கு உம் பொண்டாட்டி வேண்டுதல் தெரியுமாடா?"

"நுனிய உள்ள சொருகி மேல ரப்பர் பேண்டு போட்டுக்கறேன். ப்ளீஸ் குரு."

பின்னாலிருந்து ஒரு குரல், "அதுவும் நம்ம சாமி கயிறாச்சே, விடுவாரா?" என்றது. யாரோ சிரித்தார்கள். தன்னை அசைத்தது அந்தச் சிரிப்பா, பாப்பாவின் முகமா என்று முனிராஜுக்கு இன்றுவரை தெரியாது. நுனியைத் தானே உள்ளே சொருகினார். ரப்பர் பேண்டையும் தானே சுற்றிவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வியர்வையில் ரப்பர் பேண்டு நழுவியிருக்க வேண்டும். முனிராஜ் ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தார். கடைசல் மெஷினின் சுருதி சட்டென்று இறங்கியதைத்தான் முதலில் கேட்டார். அலறல் அதற்கப்புறம் வந்தது. கோவிந்தராஜனின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. தபேலாவில் பேசுவதே அந்த விரல்கள்தான்.

முனிராஜை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்னம்மாள்கூட, "எங்க தலையெழுத்துண்ணா, நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாய் நிறையத் திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

கோவிந்தராஜனை வாசலில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். குழுவில் அவர் இடத்துக்கு ராகேஷ் என்பவன் ரிதம் பேடோடு வந்தான். பிளக்கைச் சொருகினால் தபேலா சத்தம் பிசகில்லாமல் வரும். சரணத்துக்குப் போகிற இடத்தில் முனிராஜ் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பிவிடுவார். கோவிந்தராஜன் கண்ணடித்துத் தாளத்தைத் தூக்குகிற இடம் அது. இப்போது அங்கே ராகேஷ் குனிந்து பட்டனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்று காலைச் சங்கு ஊதியது. ஆட்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவன் முகேஷ். கோவிந்தராஜனின் கடைசல் மெஷின் இப்போது அவனிடம்தான். அவன் மணிக்கட்டில் புதுக் கயிறு, நுனி ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா, இந்த வருஷம் அறுக்கலியா?" என்று சிரித்தான்.

உள்ளே போ என்று சொல்லிவிடலாம் போல முனிராஜுக்கு இருந்தது. ஒரு கயிற்றை விட்டவனுக்கு மற்ற கயிறுகளை அறுக்க என்ன யோக்கியதை? ஆனால் உள்ளே இருப்பது அதே மெஷின். முதலில் அறுத்துக் காட்ட அவர் கையிலும் ஒன்றுமில்லை. இந்த வருஷம் அவர் விகாரைப் பக்கமே போகவில்லை.

கோவிந்தராஜன் வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். முகேஷை நகர்த்திவிட்டு முன்னால் நின்று வலது கையை நீட்டினார். மணிக்கட்டில் புதிதாக ஒரு சிவப்புக் கயிறு இருந்தது.

"கத்தரி துரு புடிச்சிடுச்சா முனி? மொதல்ல எனக்கு அறு."

"பேடா கோவிந்து, வேணாம். நீ மெஷின்ல இல்லியே."

"உங்கையில இந்த வருஷம் நூலு இல்ல. யாராவது மொதல்ல குடுக்கணும் இல்ல?"

"அன்னம்மா கட்னதா?"

"ஆமா. இருக்கற வெரலாவது நெலச்சி நிக்கட்டும்னு நேத்து கட்னா. அவகிட்ட நான் சொல்லிக்கறேன். இவனுங்க பாக்கட்டும், அறு."

முகேஷின் முகத்தில் சிரிப்பு இல்லை. முனிராஜ் கத்தரிக்கோலை வெளியே எடுத்தார். அன்னம்மாள் இறுக்கிக் கட்டியிருந்ததால் அலகைத் தோலோடு ஒட்டித்தான் உள்ளே நுழைக்க வேண்டியிருந்தது. அந்தக் கை அவருடைய இடது உள்ளங்கையில் கிடந்தது. அதில் மோதிர விரலும் சுண்டுவிரலும், மேடையில் பாட்டு தொடங்குவதற்கு முன் எப்போதும் செய்ததுபோல, மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. சிவப்பு நூலின் இரு பக்கமும் கத்தரி திறந்தபடி நின்றது.