இரண்டு விரல் ஆழம்

கடப்பாரைச் சத்தம் திடீரென்று மாறியது. காலையிலிருந்து முற்றத்தில் ணங் ணங்கென்று பாறையில் அடிப்பதுபோல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நாரின் மலையூரில் நவம்பர் மாத மண் அப்படித்தான் இருக்கும். இப்போது ‘சொத்’தென்று இறங்கியது. துக்கத்துக்காகப் போட்ட கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஸைரா பாதியில் நிறுத்தினாள். இந்த முற்றத்தில் மண் இளகிக் கிடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்.

அவளுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், அவள் கணவர் முகாஷ் கிடந்தார். கணவாயில் முப்பது வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். பனிச்சரிவுக்குத் தப்பித் தப்பி வந்த மனிதர், நேற்று மத்தியானம் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார், சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான். நாளைக்கு அடக்கம். அதுவரை பெண்டாட்டி கூடாரத்தை விட்டு அசையக்கூடாது. வருகிறவர்களுக்கெல்லாம் அழுதுகாட்ட வேண்டும்.

சத்தம் மறுபடி கேட்டது. வெளியே ஆண்கள் வெட்டுவது முகாஷின் பூப்பாத்தியை.

அந்தப் பாத்தியால் அவர் பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. ஆண்பிள்ளை என்றால் குதிரை வளர்ப்பான், ஆடு வளர்ப்பான். இவர் பூ வளர்க்கிறாரே என்று ஊரே சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் சொந்த அண்ணன் பெய்ஷென். முகாஷ் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். ரோஜாவை மட்டும் கிட்டே சேர்த்ததில்லை. “போர்வை போத்திப் பாத்துக்கணும்னா அது செடி இல்ல, மாமியாரு,” என்பார். மூன்று குளிர்காலம் யார் தயவும் இல்லாமல் தாண்டி முளைத்தால்தான் அது இந்த வீட்டுச் செடி. முளைக்காததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்படித் தேறி நின்றவற்றில் அவர் உயிரையே வைத்திருந்தது கிழங்கிலிருந்து முளைக்கும் பியோனிப் பூச்செடியின் மேல். தேறிவிட்ட அதற்கு மட்டும் ஒரு சலுகை: இலையுதிர்காலத்தில் தண்டுகளை அறுத்துவிட்டு, வைக்கோலும் பாப்ளார் மரச் சருகும் முழங்கால் உயரத்துக்குப் போட்டு மூடுவார். அந்த மெத்தைக்குக் கீழே மட்டும் மண் இறுகாது.

ஸைரா எழுந்தாள். நாத்தனார் துர்சுன்கான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க போற? பொணம் உள்ள கெடக்கு. பொண்டாட்டி எந்திரிச்சுப் போனா ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டும் மதினி. இந்தக் குளிருல வாயிலயே ஒறஞ்சு போயிரும்.”

வெளியே நாலைந்து ஆண்கள் பாத்திக்குள் நின்றார்கள். வைக்கோலை வேலியோரம் வாரி எறிந்திருந்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக அறுத்த குதிரையின் கறி தோல்மேல் குவிந்து கிடந்தது. அதை வேகவைக்கும் பெரிய கொப்பரைக்குத்தான் அடுப்புக்குழி. குழியிலிருந்து வந்த தடித்த கிழங்குகள் பனியில் சிதறிக் கிடந்தன. ஒருவன் ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்து, “கேரட்டா இது?” என்றான்.

“பெரியத்தான், நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள் ஸைரா.

மூத்தார் பெய்ஷென் நரித்தோல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரே அவள் குரல் உயர்ந்ததில்லை.

“உள்ள போம்மா. வேற எங்கயும் கடப்பாரை எறங்க மாட்டேங்குது. ஊரே தெரண்டு வரப்போகுது. கறி வேகணுமா வேண்டாமா?”

“வேகட்டும். இங்க வேண்டாம்.”

“செத்த குச்சிக்காகவா இந்தப் பாடு?”

“குச்சிதான் செத்துருக்கு. கெழங்கு உசுரோட இருக்கு. வெளிய கெடந்தா அதுவும் செத்துரும்.”

“அவனே போயிட்டான். இனிமே இதை யாரு பாக்கப்போறா?”

“நான் பாப்பேன்.”

“நீயா?” பெய்ஷென் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டார். “உருளக்கெழங்கு போடணும்னு அவன் உசுர வாங்கினவ நீதான?”

“வாங்கினேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள சண்டை. நடுவுல நீங்க வராதீங்க.”

சொல்லிவிட்டு ஸைரா குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு வெல்வெட்டு முழுக்க மண். “அடுப்பு இங்கதான் வேணும்னா கொப்பரையை என் தலை மேல வச்சுக்குங்க,” என்றாள்.

கடப்பாரை வைத்திருந்தவன் பெய்ஷெனைப் பார்த்தான். பெய்ஷென் மலையைப் பார்த்தார். கூடாரத்துக்குள் ஒப்பாரி நின்றுபோயிருந்தது. வாசல் கம்பளத்தை விலக்கிக்கொண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கறுப்பைக் கட்டிய கையோடு புருஷன் பாத்தியில் கிழங்கு பொறுக்குகிறாள் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் கடைத்தெரு வரைக்கும் போய்விடும். போகட்டும் என்றிருந்தது ஸைராவுக்கு. இத்தனை வருஷமாக அவரைப் பேசிய ஊர்தானே, இனி அவளைப் பேசட்டும்.

கைக்கெட்டிய கிழங்குகளையெல்லாம் மடியில் சேர்த்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பாகச் சின்ன முளைகள் துருத்திக்கொண்டிருந்தன. முதல் கிழங்கைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளியவள், மறுபடி வெளியே எடுத்தாள். ஆழம் தெரியவில்லை. ஆழத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதிகம் புதைத்தால் இலை வரும், பூ வராது. மேலாக வைத்தால் குளிர் தின்றுவிடும். எவ்வளவு என்பதையும் சொல்லித்தான் இருப்பார். அவள் அடுக்களையிலிருந்து உருளைக்கிழங்கைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்திருப்பாள். இப்போது போய்க் கேட்கலாம் என்றால், பத்தடி தூரத்தில் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறார். நேற்றிலிருந்து அவள் அழுததெல்லாம் வந்தவர்களுக்காக அழுதது. இப்போதுதான் அவளுக்காக அழுகை வந்தது. சத்தமே இல்லாமல், மூக்கு வழிய அழுதாள்.

“எவ்வளவு ஆழம்னு யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டாள்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குதிரைக்குப் பல் எத்தனை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

“ரெண்டு வெரக்கடை,” என்றார் பெய்ஷென்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“முளை மேல பாக்கணும். அதுக்கு மேல ரெண்டு வெரல் மண்ணு. அதுக்கு மேல போட்டா பூக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பெய்ஷென் கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி பாத்தியோரம் குனிந்தார்.

“எனக்கு ஒண்ணு குடுத்தான். எங்க மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால வச்சேன். மொதக் குளிருலயே செத்துப்போச்சுன்னு அவன்கிட்ட சொன்னேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “சாகல. வருஷா வருஷம் பூக்குது. வெள்ளை. கையகலம் இருக்கும். சொன்னா ஜெயிச்சுட்டான்னு ஆயிருமேன்னு சொல்லல.”

ஸைராவுக்கு அந்த நிமிஷம் அவர் கன்னத்தில் ஒன்று விடலாம்போல் இருந்தது. விடவில்லை. மடியிலிருந்து இரண்டு கிழங்கை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

“அந்தக் கோடியில ரெண்டு குழி இருக்கு. நீங்க வைங்க.”

“ஆளுங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

பெய்ஷென் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். முழங்காலை ஊன்றி உட்கார அவருக்கு நேரம் பிடித்தது. கடப்பாரைக்காரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “அப்ப அடுப்பை எங்கதான் வெட்டுறது?” என்று கேட்டான்.

“தெருவுல வெட்டு,” என்றார் பெய்ஷென்.

“தெருவுலயா? வர்ற வண்டியெல்லாம் எப்படிப் போகும்?”

“சுத்திப் போகட்டும். டயரைக் கொளுத்திப் போடு, மண்ணு எளகும்.”

படலுக்கு வெளியே முதல் வண்டி வந்து நின்றது. மேற்கு ஊர்ச் சொந்தக்காரர்கள். இறங்கும்போதே, “என் ஒடம்பொறப்பே, என் மலையே” என்று குரலெடுத்து அழுதுகொண்டு, தள்ளாடியபடி முற்றத்துக்குள் வந்தார்கள். கூடார வாசலில் எதிர்கொண்டு கட்டிப்பிடித்து அழ அண்ணன் இல்லை. உள்ளே சுவரைப் பார்த்து அழ மனைவியும் இல்லை. வந்தவர்களின் குரல் ஒவ்வொன்றாகத் தணிந்தது.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பெய்ஷென் இரண்டு விரலைச் சேர்த்து முளையின் மேல் படுக்கவைத்து அளந்தார். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, “போடும்மா,” என்றார். ஸைரா அவர் விரல் மூடும்வரை மண்ணைப் போட்டாள்.