பதிவேட்டுப் பெட்டி

பிப்ரவரி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, மருத்துவமனையின் பின்வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் சாவியைத் திருப்பியும் கிளம்பவில்லை. உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு கர்ப்பிணி படுத்திருந்தாள். முப்பத்துநான்கு வாரம். இரத்தப்போக்கு நிற்கவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு எலக்ட்ரீஷியன் வந்து சேர்ந்தான். அவனை எல்லோரும் டெஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவனைப் பார்த்தவர் கிடையாது; அவன் கல்யாண போட்டோவில்கூடப் பையிலிருந்து அதன் சிவப்புத் தலை எட்டிப் பார்க்கும். ஆம்புலன்ஸ் டிரைவர் அவன் மனைவியின் அண்ணன். மூன்று வருடமாக அந்த வண்டியின் வயரிங் வேலையெல்லாம் டெஸ்டர் கையில்தான்.

"என்ன பண்ணுது மச்சான்?"

"ஒண்ணும் பண்ணல, அதான் பிரச்சினை. சாவியைத் திருப்பினா டிக்குன்னுகூட சத்தம் இல்ல. ஃப்யூஸ் போயிருந்துச்சு. மாத்தினேன், திரும்பப் போச்சு. மூணு போட்டாச்சு மாப்ளே."

டெஸ்டர் நான்காவதைப் போட்டுச் சாவியைத் திருப்பினான். போட்ட கையோடு அதுவும் போயிற்று. அவன் பெட்டியில் அதே அளவில் இன்னும் ஒன்றுதான் இருந்தது.

"எங்கயோ வயர் வண்டி பாடியில படுது. ஷார்ட்டு."

நர்ஸ் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "பெரிய ஆஸ்பத்திரியில தியேட்டர் ரெடி, ரத்தம் ரெடி. இங்க ரெண்டும் இல்ல. பக்கத்து ஊர் வண்டி வேற கேஸுக்குப் போயிருக்கு, எட்டு மணிக்கு மேலதான் வருமாம்."

"கார் ஒண்ணு பிடிச்சு..." என்று இழுத்தான் டெஸ்டர்.

"அறுபது கிலோமீட்டர். அவங்களால உக்கார முடியாது, ஆக்ஸிஜன் வேற போயிட்டிருக்கு."

"எட்டு வரைக்கும் தாங்குமா சிஸ்டர்?"

நர்ஸ் புதுப் பஞ்சுக்கட்டைப் பிரித்தாள். பழையதைக் கீழே வாளியில் போட்டபோது டெஸ்டர் பார்க்காமல் இருக்க முயன்றான். பார்த்துவிட்டான்.

அவனிடம் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று உண்டு. இரண்டு துண்டு வயரை அதில் பற்றவைத்து வைத்திருந்தான். ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் அதைக் கோத்துவிட்டால், ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே போக வேண்டும். எதைக் கழற்றும்போது, அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். டெஸ்டரின் சாமான்களிலேயே பொய் சொல்லாதது அது ஒன்றுதான் என்று டிரைவர் கேலி செய்வார். இன்று கேலி செய்யவில்லை.

பல்பு கண் கூசும்படி எரிந்தது. வண்டியின் பக்கத்தில், கையில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்த கர்ப்பிணியின் அம்மா அருகே வந்தாள்.

"தம்பி, லைட்டு வந்துடுச்சே. கிளம்பிடலாமா?"

"இது எரியக் கூடாதும்மா. அணையணும்."

அவள் அதற்குப் பிறகு அந்த பல்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சைரனைக் கழற்றினான், எரிந்தது. பின் விளக்குகள், டீசல் பம்ப், ஸ்டார்ட்டர் ரிலே. ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அதே வெளிச்சம். போன மாதம் ஒர்க்‌ஷாப்காரர்கள் கைவைத்த இடம் இன்ஜின் பக்கம் இருந்தது. அங்கேதான் இருக்கும் என்று மல்லாந்து படுத்து, டேப்பையெல்லாம் பிளேடால் பிரித்து, வயர் வயராகத் தடவினான். பிரித்ததற்குப் பத்து நிமிடம் போனதுதான் மிச்சம். விரல் நுனியில் கிரீஸ் வழுக்கியது. பிளேடு பட்டு ரத்தம் வந்ததுகூடக் கையைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

உள்ளே அந்தப் பெண் முனகுவது முதலில் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று நர்ஸிடம் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

டிரைவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "மாப்ளே, ஃப்யூஸ் இடத்துல தடியா ஒரு கம்பியைச் சுத்திவிடு. போய்ச் சேர்ந்துட்டு பாத்துக்கலாம்."

"எங்க படுதுன்னே தெரியாம சுத்துறதா? வயர் பழுத்துப் பத்திக்கும். பின்னாடி ஆக்ஸிஜன் இருக்கு மச்சான். போய்ச் சேர ஆள் இருக்காது."

"இங்கேயே நின்னா மட்டும் இருக்குமா?"

டெஸ்டரின் கை தானாகவே பெட்டிக்குள் போய் ஒரு செம்புக் கம்பியை எடுத்தது. அதை நிமிர்த்தி, இரண்டாக மடித்து, முறுக்கினான். முறுக்கிய கம்பியும் கையுமாக ஃப்யூஸ் பெட்டிக்கு முன்னால் நின்றான். திறந்த கதவு வழியாகச் சிலிண்டரின் மீட்டர் முள் தெரிந்தது. கம்பியைத் தரையில் போட்டான்.

மணி ஆறு ஐம்பத்தொன்று. வண்டி அரைமணி நேரத்துக்கு மேல் தாமதித்தால், நேரத்தையும் காரணத்தையும் டிரைவர் உடனே பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. போன மாதம் எழுதாமல் விட்டதற்கு மெமோ வாங்கியிருந்தார்.

"இந்தக் கூத்துல அத வேற எழுதணும். உயிர் போனாக்கூட கையெழுத்து போட்டுட்டுத்தான் போகணும்" என்று முணுமுணுத்தபடி, சீட்டுக்குப் பின்னால் தடுப்புப் பலகையில் மாட்டியிருந்த தகரப் பெட்டியிலிருந்து பதிவேட்டை வெடுக்கென்று இழுத்தார்.

பல்பு ஒரு கணம் மங்கி மறுபடி எரிந்தது.

"தம்பி, அணைஞ்சுது" என்றாள் அந்த அம்மா.

டெஸ்டரும் பார்த்திருந்தான். "மச்சான், நோட்ட திரும்ப உள்ள வைங்க. வெச்சு இழுங்க."

"எதுக்கு?"

"இழுங்க மச்சான்."

இழுத்தார். பெட்டி அசைந்தது. பல்பு மங்கியது.

அந்தப் பெட்டியை மாட்டியது டெஸ்டர். பதிவேடு சறுக்கிச் சறுக்கிக் காலடியில் பிரேக்குக்குக் கீழே விழுகிறது என்று டிரைவர் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமை மாட்டினான். அரை அங்குல ஸ்க்ரூ தீர்ந்துபோயிருந்தது. இன்னொரு நாள் வரச் சோம்பல்பட்டு, ஒன்றரை அங்குல ஸ்க்ரூ நான்கை முடுக்கிவிட்டான். 'இனி யானை கட்டி இழுத்தாலும் வராது' என்று டிரைவர் மெச்சிக்கொண்டார். பலகைக்குப் பின்னால் மெயின் வயர் போவது டெஸ்டருக்குத் தெரியும். அரை மணி நேரமாக ஊரார் தொட்ட இடத்தையெல்லாம் சந்தேகப்பட்டவனுக்குத் தன் கை பட்ட இடம் ஞாபகத்துக்கே வரவில்லை.

அவன் ஸ்க்ரூக்களைக் கழற்றினான். மூன்று வந்தன, பல்பு எரிந்தது. நான்காவது பாதி வெளியே வந்தபோது அணைந்தது. மூன்று நாள் வண்டி குலுங்கியதில் வயரின் உறையை அறுத்து உள்ளே போயிருந்த ஸ்க்ரூவின் முனையில் செம்பு ஒட்டியிருந்தது.

பலகையைப் பெயர்த்து, குத்துப்பட்ட வயருக்கு மூன்று சுற்று டேப் போட்டான். கழற்றியதையெல்லாம் மாட்டினான். ஒரு கனெக்டர் இரண்டு முறை தவறியது. கடைசி ஃப்யூஸைப் போட்டுவிட்டு நகர்ந்தான்.

"ஸ்டார்ட் அடிங்க மச்சான்."

வண்டி கிளம்பியது. மணி ஏழு எட்டு. அம்மா ஏறியதும் கதவு சாத்தப்பட்டது. டிரைவர் பதிவேட்டை ஜன்னல் வழியாக அவனிடம் கொடுத்தார்.

"வயர் பழசாகித் தேஞ்சு போச்சுன்னு எழுதி ஆபீஸ்ல குடுத்துடு. புரியுதா?"

வண்டி போன பிறகு டெஸ்டர் படியில் உட்கார்ந்து, பதிவேட்டைத் திறந்தான். தாமதம் ஐம்பத்தெட்டு நிமிடம் என்று எழுதினான். காரணம் என்ற இடத்தில், 'பெட்டி மாட்டும்போது நான் போட்ட நீள ஸ்க்ரூ மெயின் வயரைக் குத்தியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஆம்புலன்ஸ் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பெரிய மருத்துவமனையை அடைந்தது. எட்டு நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ நூறு கிராம். தாய்க்கு ஆறு பாட்டில் இரத்தம் ஏற்றப்பட்டது, அவள் பிழைத்துக்கொண்டாள். இரத்தப்போக்கை நிறுத்த முடியாததால் கருப்பை அகற்றப்பட்டது. அது அவளுக்கு முதல் பிரசவம்.