நேற்றைய புகை

மீன்காரி மகனை ஒருவர் ‘முசியே’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டால் தலைகால் புரியாமல் போய்விடும். அதற்கு நானே சாட்சி.

என் அம்மா அஞ்சலாட்சி வைத்திக்குப்பத்திலிருந்து கூடை சுமந்துபோய், தொமினிக் வீட்டுப் பின்வாசலில் மீன் கொடுப்பவள். தொமினிக் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. என்னை ‘அஞ்சலாட்சி புள்ள’ என்றுதான் கூப்பிடுவார். நான் படித்து, சாட்டிலைட் படங்களைப் பார்த்துக் காடுகளுக்கு வரைபடம் போடும் ஆபீஸில் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை.

2003 ஆகஸ்டில் மாறியது. அவருடைய ஒரே மகள் ஸ்டெஃபனி தென் பிரான்சில், ஒரு மலையடிவார ஊரில் இருந்தாள். பக்கத்துக் காடு பற்றி எரிந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங், புகையே ஆகாது. கிழவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நெட்டில் படம் இறங்கக் கால் மணி நேரம் ஆனது. பச்சை மலை, நீலக் கடல், இரண்டுக்கும் நடுவில் கோடு இழுத்துவிட்டதுபோல் சாம்பல் நிறத்தில் புகை.

“பாருங்க ஐயா, பொக தெக்கால கடலுக்குப் போவுது. உங்க பொண்ணு ஊரு மேக்கால இருக்குது. ஒண்ணும் ஆவாது.”

“இது இப்ப நடக்கறதா?”

“ஆமாங்க ஐயா. நேர்ல பாக்கற மாதிரிதான்.”

“மெர்சி, முசியே” என்றார்.

நான் சொன்னது பொய். அது முந்தின நாள் மத்தியானம் எடுத்த படம். நெட்டுக்கு வந்து நான் திறப்பதற்குள் பழசாகிவிடும். அதைச் சொன்னால் மறுபடி ‘அஞ்சலாட்சி புள்ள’ ஆகிவிடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டேன். நேற்று அடித்த காற்றை நம்பி எங்கள் குப்பத்தில் எவனும் படகைத் தள்ளமாட்டான். அங்கே பிறந்தவன்தான் நானும்.

நாலு நாள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் வந்தவர் உட்காரக்கூட இல்லை. “ஊர்க்காரங்க கார் எடுத்துக்கினு கெளம்பறாங்களாம். நானும் போவட்டுமாப்பான்னு கேக்கறா.”

படத்தைத் திறந்தேன். புகை அதே தெற்குப் பக்கம்தான் போயிருந்தது. ஊரைவிட்டு வெளியேறும் சாலை அதற்கு அடியில் இருந்தது. “கெளம்ப வேணாம்னு சொல்லுங்க. ரோட்டுலதான் பொக. வூட்டுல இருந்தா பத்திரம்.” அச்சடித்தும் கொடுத்தேன். படம் பெரிதாகத் தெரியட்டும் என்று, கீழே தேதி இருந்த பட்டையை நானே வெட்டியிருந்தேன்.

எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து அவர் பேசியது எனக்குக் கேட்டது. “வூட்டுலயே இரும்மா. ஜன்னல சாத்திக்க.”

மறுநாள் காலை புதுப் படம் வந்தது. புகை மேற்கே திரும்பியிருந்தது. அவள் ஊரைத் தேடினேன். அந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறப் புகையாக இருந்தது. அதுவும் நேற்றைய படம்தான். நடந்தது நடந்து முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கிழவர் அன்று வரவில்லை. சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்புகள் கிடந்தன. நெருப்பு அந்த ஊருக்குள் வரவேயில்லையாம். சாத்திய வீட்டுக்குள் புகுந்த புகைதான் அவளைக் கொன்றதாம்.

மாதா கோயிலில் அவளுக்காகப் பூசை முடிந்து ஒரு வாரம் கழித்து ஆபீசுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் முசியே. இந்தப் படம் எப்ப எடுத்தது?”

“அன்னிக்குக் காலையிலதாங்க ஐயா.”

“அப்ப காத்துதான் திரும்பிடுச்சி.” பெருமூச்சு விட்டார். “நானே அவள உக்கார வச்சிட்டனோன்னு கெடந்தேன். நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல.” என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் மனம் ஆறட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். பயத்தில்தான் சொன்னேன்.

இப்போதெல்லாம் தொமினிக் வீட்டில் அம்மாவை முன்வாசலுக்கே வரச்சொல்லி மீன் வாங்குகிறார்களாம். “ஒம்புள்ள பெரிய மனுசன்னு சொல்றார்டா அவுரு” என்று அம்மா பூரித்துப்போய்ச் சோறு போடுகிறாள். நான் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டே இருக்கிறேன்.